ஆஸ்துமாவின் பின்னால் மறைந்திருக்கும் ரத்தக்குழாய் நோய்: வாசகர் கேள்விகளும் நுரையீரல் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. நாற்பது வயது வரை மூச்சுத் தொல்லை என்பதே அவருக்கு இருந்ததில்லை. அதன் பிறகு தொடங்கிய ஆஸ்துமா ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகிக்கொண்டே வந்தது. மூக்கில் சதை வளர்ந்து இரண்டு முறை அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது. இந்த ஓர் ஆண்டில் மட்டும் மூன்று முறை நிமோனியா என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை பார்த்த மருத்துவர், இது நிமோனியா அல்ல, ‘இ.ஜி.பி.ஏ.’ என்ற அரிய ரத்தக்குழாய் நோய் என்கிறார். நுரையீரலில் நிழல் விழுவதற்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன தொடர்பு? இது ரத்தப் புற்றுநோயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருப்பது அதுதான் என்று தெரிகிறது. இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அல்ல. ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மிக அதிகமாக இருக்கும்போது, ரத்தப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளச் சில பரிசோதனைகள் செய்வது வழக்கம். அந்தப் பேச்சுதான் உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஈசினோபில் என்பது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 வரை இருப்பது இயல்பு. இந்த நோயில் அது பெரும்பாலும் 1,500-ஐத் தாண்டும். பல ஆயிரமாகவும் பெருகும். அப்படிப் பெருகிய அணுக்கள் ரத்தத்தோடு நின்றுவிடாமல் மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல், குடல், இதயத் தசை எனத் திசுக்களுக்குள் புகுந்து, தம்மிடம் உள்ள நச்சுப் புரதங்களை அங்கே கொட்டுகின்றன. அத்துடன் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்களின் சுவரிலும் அழற்சி ஏற்படுகிறது. சுவர் வீங்கிய குழாய் அடைபட்டால் அது ஊட்டும் திசு பட்டினி கிடக்கும். சுவர் கிழிந்தால் ரத்தம் கசியும். நுரையீரல் என்பது காற்றறைகளைச் சுற்றிப் பின்னப்பட்ட நுண்ணிய ரத்தக்குழாய் வலை என்றே சொல்லலாம். ஆகவே இந்த நோய் முதலில் நுரையீரலில் தலைகாட்டுவதில் வியப்பில்லை.

1951-இல் நியூயார்க்கைச் சேர்ந்த நோய்க்குறியியல் வல்லுநர்களான ஜேக்கப் சர்க், லாட்டே ஸ்ட்ராஸ் இருவரும் 13 நோயாளிகளை ஆராய்ந்து, கடுமையான ஆஸ்துமா, ஈசினோபில் பெருக்கம், ரத்தக்குழாய் அழற்சி மூன்றும் சேர்ந்து வரும் இந்நோயைத் தனி நோயாக விவரித்தார்கள். அதனால் நெடுங்காலம் ‘சர்க்–ஸ்ட்ராஸ் நோய்’ என்றே அழைக்கப்பட்டது. 2012-க்குப் பிறகுதான் நீங்கள் கேள்விப்பட்ட ‘இ.ஜி.பி.ஏ.’ (ஈசினோஃபிலிக் கிரானுலோமாடோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ்) என்ற புதிய பெயர் நிலைத்தது. பழைய மருத்துவச் சீட்டுகளில் எந்தப் பெயர் இருந்தாலும் இரண்டும் ஒன்றே.

உங்கள் கணவரின் கதை இந்த நோயின் வழக்கமான நடையை அப்படியே ஒத்திருக்கிறது. நடுவயதில் புதிதாக ஆஸ்துமா தொடங்குகிறது. மூக்கடைப்பும் சைனஸ் தொல்லையும் மூக்குச் சதையும் உடன் வருகின்றன. நூற்றில் 90-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆஸ்துமா இருக்கும். சில ஆண்டுகள் கழித்து ஈசினோபில் பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது. அதற்கும் பின்னர்தான் ரத்தக்குழாய் அழற்சி வெளிப்படுகிறது. எல்லோருக்கும் இந்த வரிசை மாறாமல் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்துமா தொடங்கியதற்கும் நோயின் பெயர் தெரிந்ததற்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடிவிடுவது மிகவும் சாதாரணம்.

இப்போது அந்த மூன்று ‘நிமோனியா’க்களுக்கு வருவோம். வீட்டில் பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால், அவற்றைத் தேதி வரிசையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதல் படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் இருந்த வெள்ளைத் திட்டு, அடுத்த படத்தில் அங்கே இருக்காது. இடது பக்கத்தில் விலா ஓரமாகப் புதிதாக ஒன்று தெரியும். கிருமியால் வரும் நிமோனியா பொதுவாக வந்த இடத்திலேயே இருந்து மெல்லக் கரையும். இடம் மாறி மாறி விழும் நிழல், அதுவும் ஆஸ்துமா உள்ளவருக்கு விழும் நிழல், ஈசினோபில்கள் நுரையீரலுக்குள் குவிந்திருப்பதைச் சொல்லும் முக்கியமான தடயம். சி.டி. ஸ்கேனில் இந்தத் திட்டுகள் மங்கலான கண்ணாடி போலவும், பெரும்பாலும் நுரையீரலின் வெளி ஓரங்களிலும் காணப்படும். மூச்சுக்குழாய்ச் சுவர்களும் தடித்திருக்கும்.

பிறகு ஏன் மூன்று முறையும் ஆன்டிபயாடிக் வேலை செய்தது போலத் தோன்றியது என்று நீங்கள் கேட்கலாம். இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்துமா உள்ளவர் மூச்சிரைப்போடு வந்தால், ஆன்டிபயாடிக்குடன் ஐந்தாறு நாட்களுக்கு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஈசினோபில்கள் ஸ்டீராய்டுக்கு உடனே அடங்கிவிடும். நிழல் சில நாட்களிலேயே கரைந்து போகும். ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கையும் இயல்புக்கு வந்துவிடும். குணமாக்கியது ஸ்டீராய்டு, பெயர் கிடைத்தது ஆன்டிபயாடிக்குக்கு. ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் ‘நார்மல்’ என்று வந்துவிடுவதால், நோயின் தடயமும் அதோடு அழிந்துவிடுகிறது. எனவே ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பு எடுத்த ரத்த அறிக்கைகளைத் தேடி எடுத்து, உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். அந்த ஒரு தாள் பத்துப் புதிய பரிசோதனைகளைவிட மதிப்புள்ளதாக இருக்கலாம்.

நோயை உறுதி செய்ய ஒரே ஒரு பரிசோதனை என்று எதுவும் கிடையாது. ‘ஆன்கா’ என்ற எதிர்ப்புரதச் சோதனை ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் பேருக்குத்தான் பாசிட்டிவாக வரும். நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயைச் செலுத்தி, உப்புநீரால் காற்றறைகளைக் கழுவி எடுத்த நீரில் 25 சதவீதத்துக்கு மேல் ஈசினோபில் இருந்தால், நுரையீரல் பாதிப்புக்கு அது வலுவான சான்று. தேவைப்பட்டால் தோலிலிருந்தோ நரம்பிலிருந்தோ சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. ஆஸ்துமா இருக்கிறது. சென்ற வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் 9 சதவீதம் என்று வந்தது. எனக்கும் இந்த நோய் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர்

பதில்: இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 10 லட்சம் பேரைக் கணக்கெடுத்தால் ஓரிரு டஜன் பேருக்குள் அடங்கும் அளவுக்கு இது அரிய நோய். ஆஸ்துமாவோ மிகப் பரவலான நோய். சாதாரண ஒவ்வாமை ஆஸ்துமாவிலேயே ஈசினோபில் ஓரளவு கூடுவது இயல்பு.

சதவீதத்தை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம். மொத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 7,000, அதில் ஈசினோபில் 9 சதவீதம் என்றால் 630. இது சற்றே அதிகம், அவ்வளவுதான். மொத்தம் 11,000, அதில் 24 சதவீதம் என்றால் 2,640. அது உடனே காரணம் தேட வேண்டிய எண்.

காரணம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியவை வேறு. யானைக்கால் நோய்க்குக் காரணமான ஃபைலேரியா புழுக்கள் உள்ள நாடுகளில், இரவில் மிகும் வறட்டு இருமலும் பல ஆயிரம் ஈசினோபில்களும் அந்தப் புழுவாலேயே வரலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, நன்றாகக் குணமாகும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு எதிரான ஒவ்வாமையும், சில மருந்துகளும் இதே தோற்றத்தை உண்டாக்கும். குடலில் வாழும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவைக் குறிப்பாகத் தேட வேண்டும். அது உடலில் இருப்பது தெரியாமல் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், புழு உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. எட்டு மாதங்களுக்கு முன் இ.ஜி.பி.ஏ. என்று கண்டுபிடித்தார்கள். சென்ற மாதம் இரண்டு நாட்கள் சளியில் ரத்தம் கலந்து வந்தது. மருத்துவமனையில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். இனி எதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்? எதற்கெல்லாம் அவசரமாக ஓட வேண்டும்?
– ஒரு மகள்

பதில்: நல்ல வேளையாக உடனே சேர்த்தீர்கள். காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியால் பலவீனமாகி, ரத்தம் காற்றறைகளுக்குள்ளேயே கசிவதுதான் இந்த நோயின் நுரையீரல் சிக்கல்களில் மிக ஆபத்தானது. இது நூற்றில் சிலருக்கே வருகிறது. ‘ஆன்கா’ பாசிட்டிவாக உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதே ஆட்களுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், அம்மாவின் சிறுநீரில் ரத்தமும் புரதமும் வெளியேறுகின்றனவா என்பதை அவ்வப்போது சோதிக்கச் சொல்லுங்கள். எளிய பரிசோதனைதான், ஆனால் எல்லோரும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இது விட்டுப்போகிறது.

காற்றறைகளுக்குள் கசியும் ரத்தம் எப்போதும் இருமலில் வெளியே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். சிலருக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியில் தெரியாது. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், ஹீமோகுளோபின் ஓரிரு நாட்களில் சரசரவென்று இறங்கும், ஆக்சிஜன் அளவு குறையும். ஆகவே ரத்தம் வரவில்லை என்பதை வைத்து ஆறுதல் கொள்ளாமல், மூச்சு வாங்குவது திடீரென்று கூடினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஸ்டீராய்டை ரத்தநாளம் வழியாக, பெரும்பாலும் நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை மூன்று நாட்கள் செலுத்திவிட்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்சிமாப் மருந்தைத் தொடங்குவார்கள். இந்த மருந்துகள் நடக்கும் காலத்தில் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைத் தொற்று நுரையீரலைத் தாக்காமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பதும் வழக்கம். அம்மாவின் மருந்துச் சீட்டில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறல் என்றாலே நுரையீரல் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இந்த நோயால் நேரும் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்கு இதயப் பாதிப்பே காரணமாக இருந்திருக்கிறது. ஈசினோபில்கள் இதயத் தசைக்குள் புகுந்து அதை வலுவிழக்கச் செய்யும்போது, நோயாளி உணர்வதும் மூச்சு வாங்குவதைத்தான். படுத்தால் மூச்சு முட்டும், கணுக்கால் வீங்கும், நெஞ்சு படபடக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அதுவும் இரண்டு விதமாக இருக்கலாம்: ஈசினோபில்கள் நிறைந்த அழற்சி நீராகவும் இருக்கலாம், இதயம் தளர்ந்ததால் தேங்கிய நீராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எனவே நோயின் பெயர் தெரிந்த உடனேயே, நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், இ.சி.ஜி., எக்கோ, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிராப்போனின் ரத்தப் பரிசோதனை மூன்றையும் எடுத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவை. அம்மாவுக்கு இவை எடுக்கப்படவில்லை என்றால், அடுத்த முறை செல்லும்போது தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நோய் தீவிரமாக உள்ள காலத்தில் ரத்தம் எளிதில் உறையும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்து, அதன் பின் திடீரென்று மூச்சு வாங்கினால், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் தமனியில் போய் அடைத்திருக்கலாம். இது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடிய விஷயம் அல்ல.

கேள்வி: எனக்கு இந்த நோய் இருப்பது தெரிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முகம் ஊதிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது. மூச்சு இப்போது நன்றாக இருக்கிறது. மாத்திரையை நானே நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். வேறு மருந்து உண்டா?
– ஒரு வாசகி

பதில்: அம்மா, தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் மூச்சு நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் இருக்கக்கூடும். பல வாரங்கள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் உடலில், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் தம் வேலையை மறந்து உறங்கிப்போயிருக்கும். திடீரென்று மாத்திரையை விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே ஆபத்து நேரலாம். அது ஒருபுறம். மறுபுறம், அடங்கியிருந்த நோய் முன்பு தொடாத உறுப்பில் போய் வெடிக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் அல்ல. என் பணியின் தொடக்க ஆண்டுகளில், கடுமையான ஆஸ்துமா உள்ள ஒரு பெண்மணிக்கு மூச்சு சீரானதைப் பார்த்து, ஸ்டீராய்டு மாத்திரையை விரைவாகக் குறைத்து நிறுத்தினேன். ஆறு வாரம் கழித்து வந்தார். மூச்சைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. “டாக்டர், நடக்கும்போது வலது கால் செருப்பு எங்கோ கழன்று விழுந்துவிடுகிறது, விழுந்ததே எனக்குத் தெரிவதில்லை” என்றார். நான் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டேன், இழைப்பு இல்லை என்று மகிழ்ந்தேன், நரம்பு மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கால் நரம்பை ஊட்டும் சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டதால் பாதம் தொங்கிப்போயிருந்தது என்பதும், மூச்சும் காலும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதும், நரம்பு மருத்துவர் ரத்தப் பரிசோதனை எடுத்து ஈசினோபில் எண்ணிக்கையைப் பார்த்து எனக்குத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் விளங்கியது. நோய் அடங்கியது; பாதத்தின் பலம் மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. அன்றிலிருந்து, பெரியவரான பின் ஆஸ்துமா வந்தவர் யாராக இருந்தாலும், கைகால் மரத்துப்போகிறதா, செருப்பு கழல்கிறதா, தோலில் சிவந்த புள்ளிகள் வந்தனவா என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

ஸ்டீராய்டைக் குறைக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் அல்ல. குறைக்கத்தான் வேண்டும், உங்கள் முகமும் சர்க்கரையும் அதைத்தான் கேட்கின்றன. நோய் கடுமையாக உள்ளபோது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் தொடங்கி, சில வாரங்களுக்குப் பின் மாதக்கணக்கில் படிப்படியாக இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் ஈசினோபில் எண்ணிக்கையையும் மூச்சுத் திறனையும் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும். பலருக்குச் சிக்கல் கடைசிப் படிகளில்தான் வருகிறது: ரத்தக்குழாய் அழற்சி அடங்கிய பிறகும், மாத்திரையைக் குறைத்தால் ஆஸ்துமா தலைதூக்கிவிடுவதால், சிறு அளவு மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

இந்த இடத்தில்தான் புதிய மருந்துகள் உதவுகின்றன. ஈசினோபில்கள் வளரவும் உயிர் பிழைக்கவும் தேவைப்படும் இன்டர்லூக்கின்-5 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தடுப்பது மெப்போலிசுமாப். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் தோலுக்கடியில் ஊசியாகப் போடப்படுகிறது. கடுமையான ஆஸ்துமாவுக்குத் தரும் அளவைப்போல இது மூன்று மடங்கு. 136 நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், நோய் மொத்தமாக 24 வாரங்களுக்குக் குறையாமல் அடங்கியிருந்தவர்கள் மருந்து பெற்றோரில் 28 சதவீதம், வெற்று ஊசி பெற்றோரில் 3 சதவீதம். எல்லோருக்கும் பயன் தரவில்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஆனாலும் ஸ்டீராய்டைக் குறைக்க வழியே இல்லாமல் தவித்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். அதே புரதம் ஈசினோபிலில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியைப் பிடிக்கும் பென்ராலிசுமாப், 2024-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் மெப்போலிசுமாப்புக்குக் குறையாத பலன் தந்தது. அசாதயோபிரின், மெத்தோட்ரெக்சேட் போன்ற பழைய மாத்திரைகளும் சிலருக்குக் கைகொடுக்கின்றன. உங்களுக்கு எது ஏற்றது என்பது, நோய் இதயம், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தொட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதுவரை எலும்பைக் காக்கக் கால்சியமும் வைட்டமின் டி-யும், சர்க்கரைக்குத் தகுந்த மருந்தும், ஆண்டுக்கொரு கண் பரிசோதனையும் தேவை.

கேள்வி: மான்டிலூகாஸ்ட் மாத்திரையால்தான் இந்த நோய் வருகிறது என்று ஒருவர் சொன்னார். நான் ஆஸ்துமாவுக்கு அதைத்தான் சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?
– ஒரு வாசகர்

பதில்: 1990-களின் பிற்பகுதியில் இந்த வகை மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்தபோது, அவற்றைச் சாப்பிட்ட சிலருக்கு இந்த நோய் வெளிப்பட்டது உண்மை. மருந்துக் குறிப்பில் அதற்கான எச்சரிக்கை இன்றும் உண்டு. ஆனால் அவர்களில் பலர், புதிய மாத்திரை வந்ததும் ஸ்டீராய்டைக் குறைத்தவர்கள். ஸ்டீராய்டின் போர்வைக்கு அடியில் ஏற்கெனவே இருந்த நோய், போர்வை விலகியதும் வெளியே தெரிந்தது என்பதே பெரும்பாலான வல்லுநர்களின் விளக்கம். சாதாரண ஆஸ்துமாவுக்கு இதைச் சாப்பிடும் நீங்கள் அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சாப்பிடத் தொடங்கிய பின் ஆஸ்துமா மோசமானாலோ, தோலில் தடிப்பு வந்தாலோ, கைகால் மரத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நோய் அடங்கிவிட்டது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நுரையீரல் பழையபடி ஆகுமா?
– ஒரு வாசகர், வயது 52

பதில்: ஸ்கேனில் தெரிந்த திட்டுகள் வடு இல்லாமல் கரைந்துவிடுவது இந்த நோயின் நல்ல குணங்களில் ஒன்று. ஸ்கேன் முழுமையாகக் காட்டாத இடம் மூச்சுக்குழாய். பல ஆண்டுகள் அழற்சியில் இருந்த மூச்சுக்குழாய்ச் சுவர்கள் சிலருக்குத் தடித்து இறுகிவிடும்; இன்ஹேலர் போட்டாலும் முழுமையாக விரியாது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையை இன்ஹேலருக்கு முன்னும் பின்னும் செய்தால் இது தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டதென்று இன்ஹேலரை விட்டுவிடுபவர்கள் பலர். நீங்களும் அப்படி விட்டிருந்தால் இன்றே மீண்டும் தொடங்குங்கள். மூச்சு சோதனையும் சரியாக இருந்தால், இதயத்தை மறுபடி பார்க்க வேண்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டால் தொடைத் தசைகள் தளர்ந்தாலும் படி ஏறும்போது மூச்சு வாங்குவது போலவே தோன்றும்.

வீட்டில், மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஊதி, எண்ணை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இந்த நோய் திரும்பவும் வரக்கூடியது. 400 என்று ஓடிக்கொண்டிருந்த எண் ஒரு வாரத்தில் 300-க்கு இறங்கினால், உங்களுக்கு மூச்சு வாங்குவதற்கு முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து நடக்கும்போது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் கூடாது. புகைப்பவராக இருந்தால் அதை விட்டாக வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும், பழைய எக்ஸ்ரே, ரத்த அறிக்கைகளையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.